பிரீமியம் சீட் அதிகமானால் கேலரி சத்தம் குறையுமா?

முல்லைநகர் மிட்ஃபீல்ட்:

இங்கிலாந்து லீக் பார்க்கிற எல்லோரும் இதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டாம் பாதிக்கு விசில் ஊதியாயிற்று, பந்து ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் கேமராவுக்கு எதிரே தெரியும் ஸ்டேண்டில் நடு அடுக்கு மட்டும் காலியாகக் கிடக்கும். மேலே கூட்டம், கீழே கூட்டம், நடுவில் பட்டையாக வெறும் நாற்காலி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒவ்வொருவராக வந்து உட்கார்வார்கள். அவை விற்காமல் போன சீட்டுகள் இல்லை. இருப்பதிலேயே அதிக விலைக்கு விற்ற சீட்டுகள். வாங்கியவர் உள்ளே லவுஞ்சில் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

லண்டன் கிளப் ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானம் 2006-ல் திறந்தது. அதற்கு முன் அவர்கள் ஆடிய ஹைபரியில் சுமார் 38,000 பேர் உட்காரலாம். இங்கே 60,000-க்கும் மேல். கூட்டம் ஒன்றரை மடங்கு ஆனது, சத்தம் ஆகவில்லை. ஹைபரியையே எதிரணிக்காரர்கள் நூலகம் என்று கேலி செய்தது உண்டு. எமிரேட்ஸ் வந்த பிறகு ஆர்சனல் ரசிகர்களே அதைச் சொல்லிப் புலம்ப ஆரம்பித்தார்கள். அங்கே நடு அடுக்கு முழுவதும், மைதானத்தைச் சுற்றி ஒரு வளையமாக, கிளப் லெவல் என்ற பெயரில் 7,000-க்கும் மேற்பட்ட விலை உயர்ந்த இருக்கைகள். அதோடு பாக்ஸ் என்று சொல்லும் 150 தனி மாடங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் உள்ளவர் வந்து உட்கார்வது பிரச்சினையே இல்லை. அவரை எங்கே உட்கார வைக்கிறோம், அதற்காக யாரை எங்கே நகர்த்துகிறோம் என்பதுதான் பிரச்சினை. ஒரு பாட்டு கேலரியில் எப்படிப் பிடிக்கிறது என்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முப்பது நாற்பது பேர் ஆரம்பிப்பார்கள். பக்கத்து வரிசை எடுத்துக்கொள்ளும், அதற்குப் பக்கத்து வரிசை எடுக்கும். தோளோடு தோள் ஒட்டி நின்றால்தான் அது ஓடும். நடுவே வாய் திறக்காத பத்து வரிசை வந்துவிட்டால் பாட்டு அங்கேயே நின்றுவிடும். எமிரேட்ஸில் மேல் அடுக்கில் இருப்பவன் கீழ் அடுக்கில் ஆரம்பித்ததைக் கேட்பதற்குள் கீழே வேறு பாட்டுக்குப் போயிருப்பார்கள். நடுவில் இருக்கிற வளையம் இரண்டையும் வெட்டிவிட்டது.

நம் ஊரிலும் இனி புது மைதானம் வரும், பழையதைப் புதுப்பிப்பார்கள். அப்போது இதே தப்பைச் செய்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் கேட்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


ஓட்டேரி லெஃப்ட்விங்:

அண்ணா, நீங்கள் இடத்தைச் சொல்கிறீர்கள். நான் விலையைத்தான் சொல்வேன்.

2000 நவம்பரில் டைனமோ கீவ் அணியைத் தங்கள் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் ஜெயித்த பிறகு மான்செஸ்டர் யுனைடெட் கேப்டன் ராய் கீன் கொதித்துப் பேசினார். வெளியூர் ஆட்டத்துக்கு வரும் நம் ரசிகர்கள் அற்புதமானவர்கள், உள்ளூரில் வருகிறவர்களில் சிலர் குடித்துவிட்டு இறால் சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள், களத்தில் என்ன நடக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை என்றார். ஜெயித்த ஆட்டம் அது! ஜெயித்த கேப்டனுக்கே அவ்வளவு கோபம் வந்திருக்கிறது என்றால் களத்தில் நிற்கிறவனுக்கு அந்த அமைதி எப்படி இருந்திருக்கும்?

பிரீமியம் சீட் ஒரு மூலையில் இருந்தால் கூட, அதன் விலை மற்ற சீட்டையும் மேலே இழுக்கும். முதலில் 18 வயசுப் பையன் வெளியே போவான். அவனோடு நண்பர்கள் போவார்கள். சத்தம் போடுவது அந்த வயசுதானே? கடைசியில் மைதானம் நிறைந்திருக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள், யாரும் கத்த மாட்டார்கள்.


பேசின்பிரிட்ஜ் ஸ்டாப்பர்:

இதில் கணக்கு என்று ஒன்று இருக்கிறது, அதையும் பேசுவோம். 2007-ல் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப் பொதுக்கூட்டத்தில் ஒரு ரசிகர் எழுந்து, புது மைதானத்தில் சூழலே இல்லை என்று குறை சொன்னார். கிளப்பின் மேலாளராக இருந்த ஊலி ஹோனெஸ் மேடையிலேயே வெடித்துவிட்டார். உங்களுக்கெல்லாம் யார் செலவு செய்கிறார்கள் என்று நினைத்தீர்கள், மாடத்தில் உட்கார்கிறவர்களிடமிருந்து வாங்கும் பணத்தில்தான் இந்த மைதானமே நிற்கிறது, தெற்குப் பக்கம் 7 யூரோவுக்கு நீங்கள் நிற்க முடிவதும் அதனால்தான், சத்தம் வரவில்லை என்றால் அது உங்கள் பொறுப்பு, எங்கள் பொறுப்பு இல்லை என்ற அர்த்தத்தில் பேசினார்.

அவர் பேசிய தொனி எனக்கும் பிடிக்காது. ஆனால் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நூறு பேர் மாடத்தில் கொடுக்கிற காசுக்கு ஆயிரம் பேர் மலிவாக நிற்க முடியும் என்றால், அந்த நூறு பேரை விரட்டி யாருக்கு லாபம்? நம் நாட்டு கிளப்புகள் பெரும்பாலும் நஷ்டத்தில்தான் ஓடுகின்றன. பிரீமியம் சீட்டே வேண்டாம் என்று நாம் சொன்னால், அந்தப் பணத்தை நம் டிக்கெட்டில்தான் ஏற்றுவார்கள்.


முல்லைநகர் மிட்ஃபீல்ட்:

ஸ்டாப்பர் அண்ணா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஓட்டேரி தம்பி சொல்வதும் உண்மை. இரண்டும் ஒரே இடத்தில் சேர்கிறது, பாருங்கள்.

லிவர்பூல் 2016-ல் தங்கள் மைதானமான ஆன்ஃபீல்டில் புது மெயின் ஸ்டேண்ட் கட்டிக்கொண்டிருந்தது. அதில் சில டிக்கெட்டுக்கு 77 பவுண்டு என்று அறிவித்தார்கள். பிப்ரவரியில் சண்டர்லாந்துடன் ஆட்டம், லிவர்பூல் 2-0 முன்னிலை. 77-வது நிமிடம் வந்ததும் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே போனார்கள். அவர்கள் போன பிறகு சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டது, ஆட்டம் 2-2. சில நாளில் உரிமையாளர்கள் அந்த விலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கவனியுங்கள், அங்கே யாரும் மாடத்தை இடிக்கச் சொல்லவில்லை. சாதாரண ஆள் உட்காரும் இடத்தின் விலை கைமீறிப் போனதுதான் சண்டை.

அடுத்தது ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப். மொத்தம் 81,000 பேர் கொள்ளும் மைதானம். அங்கேயும் மாடம் இருக்கிறது, லவுஞ்ச் இருக்கிறது, கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், எல்லாம் பக்கவாட்டில். ஆனால் கோல் போஸ்டுக்குப் பின்னால் தெற்குப் பக்கம் மட்டும் ஏறக்குறைய 25,000 பேர் நின்று பார்க்கிற ஒரே சரிவு. நடுவே மாடம் கிடையாது, வெட்டு கிடையாது. அங்கே சீசன் டிக்கெட் விலையை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் 20 யூரோவுக்குள் வரும். டார்ட்மண்டில் சத்தம் இல்லை என்று இதுவரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

லண்டனின் இன்னொரு கிளப் டாட்டன்ஹாம் 2019-ல் புது மைதானம் திறந்தபோது இதைப் பார்த்துத்தான் கட்டினார்கள். லண்டனிலேயே ஆடம்பரமான லவுஞ்சுகள் அங்கே இருக்கின்றன. வீரர்கள் நடந்து போகிற சுரங்கப் பாதையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். ஆனால் தெற்கு ஸ்டேண்டை மட்டும் 17,500 இருக்கைகளோடு ஒரே அடுக்காக விட்டுவிட்டார்கள். கொள்ளளவு எமிரேட்ஸை ஒட்டியதுதான், பிரீமியம் இருக்கையும் குறைவில்லை. வரைபடம்தான் வேறு.


ஓட்டேரி லெஃப்ட்விங்:

வெளியூர் ரசிகர் விஷயத்தை விட்டுவிட்டீர்களே அண்ணா. இங்கிலாந்தில் எந்த ஆட்டத்தைப் போட்டாலும் டிவியில் அதிகம் கேட்பது எதிரணி ரசிகர்களின் குரல்தான். அதிகம் போனால் மூவாயிரம் பேர். உள்ளூர்க்காரர்கள் ஐம்பதாயிரம் இருப்பார்கள். ஆனால் அந்த மூவாயிரமும் ஒரே மூலையில், தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டு. 2016-17-லிருந்து அவர்களுடைய டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று லீக்கே வரம்பு வைத்திருக்கிறது. மலிவு விலை, ஒரே இடம். இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?


கடலோரக்காரி:

எல்லாரும் ஆண்களாகவே பேசுகிறீர்கள், நான் ஒன்று சொல்கிறேன்.

நான் ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக், ஆரம்பித்த வருடத்திலிருந்து ஆட்டம் பார்க்கப் போகிறவள். சென்னை அணியின் பிரேசில் வீரர் எலானோ ஃப்ரீ கிக் அடிக்க வந்து நின்றாலே மொத்தக் கூட்டமும் எழுந்த காலம் அது. முதலில் மலிவு டிக்கெட்டில்தான் போனேன். தங்கச்சியையும் அவள் தோழிகளையும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகு விலை அதிகமான பக்கம் மாறினேன். ஏன் தெரியுமா? சோபாவுக்காக இல்லை. ஒரு மைதானத்தில் சாதாரண ஸ்டேண்டில் பெண்கள் கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வெளியே வரும் வழியில் நெரிசல், அந்த நெரிசலில் கை போடுகிறவர்கள். கூடுதல் விலை கொடுத்த இடத்தில் கதவு பூட்டியது, வழி அகலமாக இருந்தது. அதற்குத்தான் காசு கொடுத்தேன்.

அங்கே உட்கார்ந்து நான் கத்தாமல் இல்லை. ஆனால் தனியாகக் கத்த முடியாது, திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு ஆட்டத்தில் நானே அடங்கிப் போனேன். சத்தம் போடத் தெரிந்தவர்களையே அமைதியான இடத்துக்கு அனுப்புகிற வேலையும் இப்படி நடக்கிறது. சாதாரண ஸ்டேண்டில் பூட்டுகிற கதவும் குழாயில் தண்ணீரும் இருந்தால் எங்களைப் போல எத்தனையோ பேர் திரும்பி வருவோம். அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறவர்களும் இப்படித்தான். முட்டி வலிக்கிற பெரியவருக்குப் படி ஏறாமல் ஒரு இடம் வேண்டும். அதை வசதி என்று பெயர் வைத்து இரண்டு மடங்கு விலைக்கு விற்பது சரியில்லை.

நின்று பார்க்கிற இடம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இதையும் யோசியுங்கள். 1989-ல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், நின்று பார்க்கிற பகுதியில் ஏற்பட்ட நெரிசலில் 97 உயிர் போனது. அதற்குப் பிறகுதான் இங்கிலாந்தில் பெரிய மைதானங்களில் எல்லோரும் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்று ஆனது. 2022 ஜனவரியில்தான், வரிசைக்கு வரிசை இரும்புக் கம்பித் தடுப்பு வைத்து, சில மைதானங்களில் நிற்பதற்கு மறுபடி அனுமதித்தார்கள். நம் ஊரில் வெறும் படிக்கட்டில் ஆட்களை ஏற்றிவிட்டு நின்று பாருங்கள் என்று விட்டால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன்.


முல்லைநகர் மிட்ஃபீல்ட்:

அக்கா, இந்த இழையிலேயே முக்கியமான பதிவு இதுதான். கிளப்புக்கோ அரசுக்கோ நாம் எதையாவது எழுதிக் கொடுத்தால் கழிவறையும் அகலமான வழியும் முதல் வரியாக இருக்க வேண்டும். கம்பித் தடுப்பு விஷயத்திலும் உங்களோடு நிற்கிறேன்.


கொடுங்கையூர் சப்ஸ்டிட்யூட்:

அண்ணா, ஒரு சந்தேகம். சென்னை நேரு ஸ்டேடியத்தில் கோல் போஸ்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. வீரர்கள் எறும்பு மாதிரி இருந்தார்கள். நாம் கத்தியது அவர்களுக்குக் கேட்டிருக்கும் என்றே தோன்றவில்லை. டார்ட்மண்ட் மாதிரி கோலுக்குப் பின்னால் மலிவு ஸ்டேண்ட் வைத்தால் இங்கே எப்படி வேலை செய்யும்?


பெரம்பூர் சர்வேயர்:

தம்பி கேட்டது நல்ல கேள்வி. நேரு ஸ்டேடியத்தில் களத்தைச் சுற்றி ஓடுபாதை இருக்கிறது, அதுதான் காரணம். இதற்கு அளவு இருக்கிறது.

தரமான 400 மீட்டர் ஓடுபாதையின் உட்பக்கம், நீளவாக்கில் சுமார் 157 மீட்டர், அகலவாக்கில் 73 மீட்டர். கால்பந்துக் களம் 105-க்கு 68. நடுவில் களத்தை வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கோட்டுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே இரண்டரை மீட்டர்தான். கோல் பக்கம் 26 மீட்டர். இதோடு எட்டு லேன் அகலம் ஏறக்குறைய 10 மீட்டரைச் சேருங்கள். பக்கவாட்டு ரசிகன் குறைந்தது 12 மீட்டர் தள்ளி, கோலுக்குப் பின்னால் இருப்பவன் குறைந்தது 36 மீட்டர் தள்ளி. வேலி, வடிகால், நடைபாதை எல்லாம் இதற்கு மேல். கால்பந்துக்கென்றே கட்டிய மைதானத்தில் கோல் கோட்டுக்கும் முதல் வரிசைக்கும் நடுவே பத்து மீட்டர்கூட இருக்காது.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். பத்து மீட்டர் 36 ஆகும்போது கிட்டத்தட்ட 11 டெசிபல் போய்விடுகிறது. காதுக்குப் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். நீ உணர்ந்தது சரிதான்.

அதனால் ஐரோப்பாவில் மலிவான இடம் கோலுக்குப் பின்னால் என்பதை அப்படியே இங்கே நகலெடுக்க முடியாது. ஓடுபாதை உள்ள மைதானத்தில் களத்துக்கு அருகில் இருக்கும் ஒரே இடம் பக்கவாட்டு ஸ்டேண்ட். இரண்டு பக்கவாட்டையும் விலை உயர்ந்த இருக்கையாக மாற்றினால் சத்தம் போடுகிறவன் 36 மீட்டருக்கு அந்தப் பக்கம்தான் போக வேண்டும். இங்கே ஒரு பக்கவாட்டை முழுக்க சாதாரண ரசிகனுக்கு விட வேண்டும். முக்கியஸ்தர் மாடம், பத்திரிகைக்காரர், கேமரா, லவுஞ்ச் எல்லாவற்றையும் எதிர்ப்பக்கமே வைத்துக்கொள்ளலாம்.


பேசின்பிரிட்ஜ் ஸ்டாப்பர்:

சர்வேயர் சார், இது டிவிக்காரர்களுக்கும் லாபம். பிரதான கேமரா இருக்கும் பக்கத்தில் பிரீமியம் இருந்தால் அது படத்தில் வராது. எதிர்ப்பக்கம் நிறைந்த கேலரி, கொடி, டிரம் எல்லாம் வீட்டில் பார்ப்பவனுக்கு ஆட்டம் முழுக்கத் தெரியும். விளம்பரம் கொடுக்கிறவன் வெறும் நாற்காலிக்கு முன்னால் தன் பெயரை வைக்க ஆசைப்பட மாட்டான்.

தூரத்துக்கு இன்னொரு உதாரணம். லண்டன் கிளப் வெஸ்ட் ஹாம் 2016-ல் 35,000 பேர் கொள்ளும் அப்டன் பார்க்கை விட்டு ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனது. டிக்கெட் விலையைக் குறைத்தார்கள், குடும்பங்கள் வந்தன, கூட்டம் நிறைந்தது. ஆனால் ரசிகர்கள் இன்றுவரை பழைய இடத்தை நினைத்து ஏங்குகிறார்கள். களம் எட்டாத தூரத்தில் இருக்கிறது. விலை குறைவு ஒன்றே சத்தத்தைக் கொண்டுவராது என்பதற்கு இது உதாரணம்.


ஓட்டேரி லெஃப்ட்விங்:

சரி, விலை மட்டும் இல்லை. விலையும்தான்.


பழைய வண்ணை:

தம்பிகளா, வடசென்னைக்காரனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவர்களுக்குத் தெரியும். பால்கனிக்காரர் விசில் அடிக்க மாட்டார். ஆனால் கீழே விசில் பறந்தால்தான் பால்கனிக்காரருக்கும் படம் ருசிக்கும். அதற்குத்தான் அவரும் முதல் நாள் வருகிறார். கீழே இருப்பவனைக் காலி செய்துவிட்டு அங்கேயும் சாய்வு நாற்காலி போட்டால் பால்கனி டிக்கெட்டுக்கு என்ன மதிப்பு? கால்பந்துக் கிளப் நடத்துகிறவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். லவுஞ்சில் உட்காருபவர் பிரியாணிக்கு மட்டும் அவ்வளவு காசு கொடுக்கவில்லை. எதிரே பத்தாயிரம் பேர் குதிப்பதைப் பார்க்கவும்தான் கொடுக்கிறார்.

கொரோனா சமயத்தில் ஐஎஸ்எல் இரண்டு சீசன் கோவாவிலேயே, பெரும்பாலும் ஆளில்லாத மைதானத்தில் நடந்தது. கோல்கீப்பர் கத்துவதும் பயிற்சியாளர் திட்டுவதும் அப்படியே கேட்டது. நல்ல ஆட்டம்கூட பயிற்சி ஆட்டம் போல இருந்தது. அதற்கு எந்த லவுஞ்சில் உட்கார்ந்து பார்க்க யார் காசு கொடுப்பார்?


முல்லைநகர் மிட்ஃபீல்ட்:

வண்ணை அண்ணா சொன்னதையே எமிரேட்ஸ் நிரூபித்திருக்கிறது. அதே மைதானம், அதே கிளப் லெவல், அதே மாடங்கள், ஒரு செங்கல்கூட மாறவில்லை. ஆனால் சில வருடத்துக்கு முன் ஆஷ்பர்டன் ஆர்மி என்று இளைஞர்கள் ஒரு குழு ஆரம்பித்தார்கள். கோலுக்குப் பின்னால் கிளாக் எண்ட் பக்கம் ஒரே பிளாக்கில் சேர்ந்து நிற்க இடம் கேட்டார்கள், கிளப்பும் ஒத்துழைத்தது. ஆளுக்கொரு மூலையில் இருந்தபோது வராத சத்தம் ஒரே இடத்தில் சேர்ந்ததும் வந்தது. இன்று எமிரேட்ஸை நூலகம் என்று யாரும் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. அணி நன்றாக ஆட ஆரம்பித்ததும் ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் நன்றாக ஆடிய வருடங்கள் அதற்கு முன்பும் இருந்தன.

நம் ஊரிலும் பி ஸ்டேண்ட் புளூஸ், சூப்பர்மச்சான்ஸ் என்று குழுக்கள் இருக்கின்றன. சென்னையின் எஃப்சி 2015-லும் 2017-18-லும் கோப்பை வென்றபோது இவர்கள் எழுப்பிய சத்தத்தை மறக்க முடியாது. ஸ்டேண்டின் பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொள்கிற அளவுக்கு ஒரு இடத்தோடு ஒட்டிப்போனவர்கள் ரசிகர்கள். அந்த இடத்தைத் தொடாமல் மற்ற எங்கே வேண்டுமானாலும் சோபா போடட்டும்.


காசிமேடு கீப்பர்:

பெரிய மைதானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இது நம் தெரு கிரவுண்டு வரை வந்துவிட்டது.

எங்கள் பக்கம் நடந்த ஒரு தொடர் போட்டியின் ஃபைனலில் நடுக்கோட்டுக்கு நேராக, டச்லைனை ஒட்டி ஷாமியானா. முன்னால் சிவப்பு வெல்வெட் சோபா நாலு, பின்னால் வெள்ளைத் துணி போர்த்தி ரிப்பன் கட்டிய நாற்காலி ஐம்பது. வருடா வருடம் அந்த இடத்தில்தான் பசங்க மேளத்தோடு நிற்பார்கள். அவர்களைக் கயிறு கட்டிக் கார்னர் பக்கம் ஒதுக்கிவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வரும் வரை ஆட்டத்தை ஆரம்பிக்கவில்லை. நாலு மணி ஆட்டம் ஐந்தைத் தாண்டியது. வந்ததும் பொன்னாடை, வீரர்களோடு கை குலுக்கல், போட்டோ, பேச்சு. ஹாஃப் டைமுக்குள் சோபா காலி. வெளிச்சம் போய்க் கடைசி இருபது நிமிடம் பந்தே சரியாகத் தெரியவில்லை. நான் கோல் போஸ்டில் நிற்கிறேன், பின்னால் ஒரு குரல் இல்லை. பெனால்டி தடுத்தேன், கார்னர் பக்கமிருந்து மேளம் லேசாகக் கேட்டது. நம் ஊர் கிரவுண்டில், நம் ஆட்கள் முன்னால் ஆடுகிற உணர்வே இல்லை.

2025 டிசம்பரில் மெஸ்ஸி கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு வந்தபோதும் இதுதானே? காசு கொடுத்து கேலரியில் காத்திருந்தவர்களுக்கு அவர் முகமே தெரியவில்லை. களத்திலேயே அரசியல்வாதிகளும் முக்கியஸ்தர்களும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் கிளம்பிவிட்டார், நாற்காலியும் பாட்டிலும் பறந்தன. பொருளை உடைத்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது.


கடலோரக்காரி:

கீப்பர் அண்ணா, பெனால்டி தடுத்ததற்கு இங்கிருந்து ஒரு கைதட்டல்.

விருந்தினரைக் கூப்பிடாமல் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஜெர்சிக்கும் கோப்பைக்கும் அவர்கள்தான் பணம் தருகிறார்கள். ஸ்டாப்பர் சொன்ன கணக்கு தெரு கிரவுண்டிலும் இருக்கிறது. மரியாதையைக் குறைக்காமல் இடத்தை மட்டும் மாற்றச் சொல்லலாமே?


பெரம்பூர் சர்வேயர்:

கிரவுண்டு எந்தத் திசையில் இருக்கிறது கீப்பர்? கோல் போஸ்ட் வடக்கு தெற்காக இருந்தால் ஷாமியானாவை மேற்குப் பக்கம் போடச் சொல்லுங்கள். மாலை ஆட்டத்தில் கிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மேற்கில் போட்டால் வெயில் முதுகுப் பக்கம், பந்தல் நிழல் முன்னால் விழும். விருந்தினருக்கு அதுதான் சௌகரியம் என்று சொன்னால் கமிட்டி மறுக்காது. கிழக்குப் பக்க டச்லைன் முழுவதும் பசங்களுக்கு.


காசிமேடு கீப்பர்:

வடக்கு தெற்குதான் சார். போன தடவை கிழக்கில் போட்டார்கள். விருந்தினர் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.


முல்லைநகர் மிட்ஃபீல்ட்:

கீப்பர், அடுத்த ஃபைனலுக்கு முன் கமிட்டியிடம் பேசும்போது நானும் வருகிறேன். மூன்று விஷயம் மட்டும் கேட்போம். பந்தல் மேற்கே. பொன்னாடையும் பேச்சும் ஆட்டம் முடிந்து பரிசு கொடுக்கும்போது. விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் நாலு மணிக்கு விசில். இந்த மூன்றாவதுக்குத்தான் தயங்குவார்கள். வெளிச்சம் போனால் வீரனுக்கு அடிபடும் என்பதைச் சொல்லிக் கேட்போம், வேறு எதையும் இழுக்க வேண்டாம். கோலுக்குப் பின்னாலும் இடம் கேட்கலாம், நம் கிரவுண்டில் ஓடுபாதை இல்லையே. வலைக்குப் பின்னால் இரண்டு மூன்று மீட்டர் விட்டுக் கயிறு கட்டினால் போதும், கீப்பருக்கும் இடைஞ்சல் இருக்காது. அக்கா, பெண்கள் நிற்க ஒரு பக்கம் தனியாக வேண்டுமா, சேர்ந்தே நிற்பீர்களா?


கடலோரக்காரி:

சேர்ந்தேதான் நிற்போம். ஆனால் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கழிவறைச் சாவியை அன்றைக்கு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அதை நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.


கொடுங்கையூர் சப்ஸ்டிட்யூட்:

மேளம் நாங்கள் கொண்டுவருகிறோம். வடக்கு கோலா தெற்கு கோலா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் அண்ணா.


காசிமேடு கீப்பர்:

தெற்கு. அந்தப் பக்கம் சுவர் இருக்கிறது, சத்தம் திரும்பி வரும். கயிறு நான் கொண்டுவருகிறேன், துறைமுகத்தில் பழைய போட் கயிறு நிறைய கிடக்கிறது. சாவிக்கு வாட்ச்மேனிடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.